நிரந்தரம் என்று அவர் சொன்னார்

நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்மவர்கள் அதைப் பயன்படுத்துகிற அழகு அப்படி. மாப்பிள்ளைப் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று பெண் வீட்டார் கேட்பதற்கு முன்னால் வேலை நிரந்தரமா என்று கேட்பார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். பத்து வருஷமாக ஸ்டுட்கார்ட்டில் குடியிருப்பவன் அதில், அவன் அப்பா எப்போதோ காலி செய்துவிட்ட வாடகை வீட்டின் கதவு எண்ணை எழுதுவான். ஜெர்மன்காரர்களாவது தேவலையா என்றால் அதுவும் இல்லை. டிராம் ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், ‘ஏவிக்’ என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் பாஷையில் என்றென்றைக்கும் என்று அர்த்தம். அதே ஏவிக்கைக் கல்லறைத் தோட்டத்து வாசல் வளைவிலும் செதுக்கியிருப்பார்கள், நித்திய அமைதி என்று. டிராமுக்கும் அதுதான், செத்தவனுக்கும் அதுதான்!

ஆனால் எனக்கு இந்த வார்த்தை மேல் உள்ள கோபம் கண்மணியால் வந்தது. கண்மணியால் என்றுகூடச் சொல்லக்கூடாது, அவள் புருஷன் உமாபதியால்.

அறுபத்திரண்டில் நாங்கள் இரண்டு குடும்பங்களும் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சுந்தரராஜனும் உமாபதி அண்ணனும் ஒரே தொழிற்சாலையில் வரைபடப் பிரிவு. கண்மணி கரூர்க்காரி. ஒல்லியாக, கறுப்பாக, எதற்கெடுத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண். அந்த செப்டம்பரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்பிகா என்று பெயர் வைத்தார்கள். தலை நிறைய முடி. ஆஸ்பத்திரி நர்ஸுகள் மற்ற வார்டுகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் குளிர்காலம் போல ஒரு குளிர்காலத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆறெல்லாம் உறைந்து கிடந்தது. பிப்ரவரியில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றே நாள். ஐந்து மாதக் குழந்தை, போய்விட்டது.

நம் வழக்கம் தெரிந்ததுதான். பால் குடிக்கிற பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், ஆற்றோரமாக எங்கேயோ குழி தோண்டுவார்கள், குளித்துவிட்டு வருவார்கள். பெற்றவளுக்கு இடம்கூடத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டார்கள். ஒரு மாதம் கழித்து, எல்லாம் சரியாகிவிடும், அடுத்தது பிறக்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

இங்கே தூக்கிக்கொண்டு போக யார் இருந்தார்கள்? சவப்பெட்டிக்காரன் கறுப்பு வண்டியில் வந்தான். அதற்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் உமாபதி அண்ணன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கண்மணி வீட்டில் தனியாக இருக்கமாட்டேன் என்று வந்துவிட்டாள். அவளுக்குத் துணையாக நான். எங்கள் இருவருக்கும் அப்போது ஜெர்மனில் ரொட்டி, பால், நன்றி தவிர ஒன்றும் தெரியாது. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. மேலே கோட்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்த அலுவலர் ஒரு தாளைக் காட்டி உமாபதி அண்ணனிடம் நிதானமாக என்னவோ சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் கண்மணி கேட்டாள்.

“என்னங்க சொல்றாரு?”

“இடம் குடுக்கறாங்களாம். நம்பர் போட்டு, பேர் எழுதிக் கல்லு வச்சுக்கலாமாம்.”

“எவ்வளவு நாளைக்கு?”

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு சொன்னார்.

“நிரந்தரமாத்தான்.”

கண்மணி என் கையைப் பிடித்திருந்த பிடி அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமைதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். பாதி நாள் நானும் போவேன். அவளுக்கு அந்த இடத்துப் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தது அடுத்த வீட்டு விதவை ஃபிராவ் கெர்லாக். எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது, பூவாளியை எந்தக் கொக்கியில் திரும்ப மாட்டுவது, எந்த மாதம் எந்தச் செடி என்று எல்லாம். முதல் வசந்தத்தில் அந்த அம்மாள் ஒரு தட்டு நிறைய பான்சிப் பூச்செடிகளைக் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தாள். அழகான பூ. முகம் மாதிரி இருக்கும். ஒரு வருஷம் கழித்துக் கொஞ்சம் பாஷை வந்த பிறகுதான் கண்மணிக்குத் தெரிந்தது, ஜெர்மனில் அந்தப் பூவுக்குச் சின்ன மாற்றாந்தாய் என்று பெயர். அன்றைக்கே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டாள்.

“நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவளுக்கு எதுக்குடி மாத்தாந்தாய்?” என்றாள்.

ஃபிராவ் கெர்லாக்குக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அம்மாள் கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுதாள். அடுத்த வாரம் வேறு செடி கொண்டுவந்தாள்.

கண்மணி ஜெர்மன் கற்றுக்கொண்டது வகுப்பில் அல்ல, அந்தத் தண்ணீர்க் குழாயடியில், கிழவிகளிடம். என் ஜெர்மன் இலக்கணப்படி இருக்கும், ஒருவருக்கும் புரியாது. அவளுடையது தாறுமாறாக இருக்கும், எல்லாருக்கும் புரியும். கோடையில் ஊருக்குப் போகிற விதவைகள் தங்கள் வீட்டுக்காரர்களின் கல்லறைகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஒரு ஜூலையில் அவள் கையில் பதினோரு கல்லறைகள் இருந்தன. “பதினோரு மாமனார் எனக்கு” என்பாள்.

செப்டம்பரில் குழந்தையின் பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோய் வைப்பாள். எலி வரும் என்று தோட்டக்காரர் சத்தம் போட்டார். அடுத்த வருஷம் அவருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனாள். அதற்கப்புறம் அவர் எலியைப் பற்றிப் பேசவே இல்லை.

புதைத்த நாளோடு சரி, அதற்குப் பிறகு ஒரு நாளாவது உமாபதி அண்ணன் உள்ளே வந்தாரா என்றால், இல்லை. கண்மணியோடு டிராமில் வருவார். வாசல் வரைக்கும் வருவார். பிறகு எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார். மழையானாலும் சரி, பனியானாலும் சரி, அங்கேயேதான். இவள் ஒரு மணி நேரம் கழித்து மண் கையோடு திரும்பி வருவாள், இரண்டு பேரும் டிராம் ஏறிப் போவார்கள். நான் என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், “கல் மனசு அந்த ஆளுக்கு. பெத்த பொண்ணாச்சேங்க!” என்று. அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டே, “நமக்கு எதுக்கு” என்பார்.

எழுபதில் கோயம்புத்தூரிலிருந்து உமாபதி அண்ணனுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. பம்பு செய்கிற தொழிற்சாலையில் பெரிய பதவி, குடியிருக்க வீடு. அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாத நேரம். மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. கண்மணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

“நீங்க போங்க. நான் அவளை விட்டுட்டு வரமாட்டேன்.”

அவர் ஒரு வாரம் பேசிப் பார்த்தார். எங்களையும் பேசச் சொன்னார். அவள் அசையவில்லை. கடைசியில் வரமுடியாது என்று கோயம்புத்தூருக்கு எழுதிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்தபோது தனியாகப் போனார். காரியம் முடிந்து திரும்பி வந்தார். எங்கள் முன்னால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்போது மட்டும் அந்த ஆள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

எழுபத்தேழு அக்டோபரில் ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் என் வீட்டு மணியை அடித்தார். வேலை நேரத்தில் வந்து நிற்கிறாரே என்று எனக்குத் திக்கென்றது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கல்லறைத் தோட்டத்து அலுவலகக் கடிதம். அம்பிகா உமாபதி, குழந்தைகள் வரிசை, இன்ன எண். புதைத்த இடத்துக்குக் கொடுத்த ஓய்வுக் காலம் பதினைந்து ஆண்டுகள் அடுத்த பிப்ரவரி கடைசியில் முடிகிறது. அதற்குள் கல்லையும் செடிகளையும் எடுத்துக்கொள்ளவும். பிறகு இடம் சமன் செய்யப்படும். குழந்தைகள் வரிசையில் நீட்டிப்பு கிடையாது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னண்ணே இது? நிரந்தரம்னுதானே சொன்னாங்க?”

“அவங்க சொல்லலை சிஸ்டர். நான்தான் சொன்னேன்.”

அந்தத் தாளில் பதினைந்து வருஷம் என்றுதான் இருந்ததாம். அந்த அலுவலர் இரண்டு முறை விரலை வைத்துக் காட்டினாராம். இவர் படித்துத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“அவ முகத்தைப் பார்த்தேன். பதினஞ்சு வருஷம்னு எப்படிச் சொல்றது சிஸ்டர்? அப்ப வாயில அதுதான் வந்துச்சு. பின்னாடி மெதுவாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். சொல்லவே முடியலை.”

நான் விட்டேனா? பதினைந்து வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். “நல்லா இருக்குண்ணே! அந்தப் பொண்ணு அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே இந்த ஊர்லயே கெடந்தா? கோயம்புத்தூர் வேலைய விட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நீங்க ஒரு நாளாவது உள்ள போய்ப் பார்த்திருக்கீங்களா?”

“எப்படிப் போவேன்? அந்தக் கல்லைப் பார்த்தா இன்னும் எத்தனை வருஷம்னுதான் மனசு கணக்குப் போடும். அவ பக்கத்துல நின்னுக்கிட்டு அந்தக் கணக்கை எப்படிப் போடறது?”

அவர் மூன்று முறை அந்த அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சியிருக்கிறார். விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்களாம்.

“நீங்கதான் அவகிட்டச் சொல்லணும் சிஸ்டர். நான் சொன்னா அவ என்னை விட்டுட்டுப் போயிடுவா. போனாக்கூடப் பரவால்ல. ஏதாவது பண்ணிக்குவாளோன்னு பயமா இருக்கு.” ஐம்பது வயதை நெருங்குகிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கண்மணியோடு போனேன். வாசலில் அவர் வழக்கம் போல எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அம்பிகாவின் கல்லுக்கு முன்னால் கண்மணி குந்தி உட்கார்ந்து குளிர்காலச் செடிகளை நடத் தொடங்கினாள். நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அப்போது கல்லின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டுத்தாள் கிழித்த மிச்சம் கண்ணில் பட்டது. அதே வரிசையில் மற்ற இரண்டு கற்களில் முழுத் தாளும் இருந்தது, அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும் என்று.

“இது என்னடி?” என்றேன்.

“நான்தான் கிழிச்சுட்டேன். என்னைக்காவது மனசு மாறி அவரு உள்ள வந்தா, பார்த்துட்டுப் பதறிப்போயிடுவாரு.”

அப்படியே பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்குத் தெரியுமா?”

“மூணாவது வருஷமே தெரியும். அந்த மூலைல ஒரு பழைய வரிசைய எடுத்தாங்க. கெர்லாக் அம்மாகிட்ட ஏன்னு கேட்டேன், சொன்னாங்க. வாரா வாரம் இங்கயே கெடக்கறேன், எனக்குத் தெரியாதாடி?” மண்ணை விரலால் அழுத்திக்கொண்டே சொன்னாள்.

“அவரைக் கேக்கலையா நீ? சட்டையப் பிடிச்சுக் கேக்க வேண்டாமா?”

“எதுக்கு? அன்னைக்கு அவரு மட்டும் பதினஞ்சு வருஷம்னு சொல்லியிருந்தா, நான் அந்தப் பெஞ்சிலேயே செத்திருப்பேன். அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுதான் வீட்டுக்கு வந்தேன், சோறு தின்னேன். மூணு வருஷம் கழிச்சு, அது இல்லாமலும் நிக்க முடிஞ்சுது.” பிறகு அடுத்த செடியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள், “நம்ம ஊர்னா என்னடி? ஆத்தோரம் பொதைச்சா அடுத்த மழைக்கு இடம் தெரியாது. பெத்தவளுக்கு ஒரு நாள்கூடக் குடுக்க மாட்டாங்க. எனக்குப் பதினஞ்சு வருஷம் குடுத்தாங்க.”

எனக்கு இருந்த ஒரே ஆற்றாமை வெளியே வந்துவிட்டது. “அப்ப எழுபதுல ஏண்டி ஊருக்கு வரமாட்டேன்னு அப்படி அடம் பிடிச்சே? நிரந்தரம் இல்லைன்னுதான் தெரியுமே உனக்கு?”

கண்மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“இன்னும் எட்டு வருஷம் பாக்கி இருந்துச்சே பாமா.”

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முதுகைத் தடவினாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது பாருங்கள்!

போகும்போது என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தனக்குத் தெரியும் என்று அவரிடம் நான் சொல்லக்கூடாது. “இத்தனை வருஷமா அதை நெஞ்சுல தூக்கிக்கிட்டு வெளிய நிக்கறாரு. அவரே வந்து எறக்கி வைக்கட்டும். நீ சொல்லிட்டா அதுவும் போச்சு.”

அன்று சாயங்காலமே உமாபதி அண்ணனுக்குப் போன் செய்தேன். “என்னால முடியாதுண்ணே. நீங்க சொன்ன வார்த்தை, நீங்கதான் சொல்லணும். அதுவும் வீட்டுல வேண்டாம், அங்க வந்து சொல்லுங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். நவம்பர் போனது, கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசல்வரை வருவார், என்னைப் பார்ப்பார், எதிர்ப்பக்கம் போய்விடுவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஒரு நாள் பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது.

பிப்ரவரி பதினெட்டு, சனிக்கிழமை. கண்மணி முன்னால் போய்விட்டாள். நான் வாசலுக்கு வந்தபோது அவர் எதிர்ப்பக்கம் இல்லை. வளைவுக்குக் கீழே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னோடு உள்ளே நடந்தார். இருபது அடி போனதும் நின்றுவிட்டார். எல்லாப் பக்கமும் வரிசை வரிசையாகக் கல்.

“எந்தப் பக்கம் சிஸ்டர்?” என்று கேட்டார்.

பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று என்னைக் கேட்கிறார். அவரைக் கல் மனசு என்று சொன்ன என் வாயை என்ன செய்வது? கையால் திசையைக் காட்டிவிட்டு ஐந்தாறு அடி பின்னாலேயே நடந்தேன்.

கண்மணி கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் கல்லில் எழுதியிருந்த பெயரை முதலில் படித்தார். பிறகு தேதிகளை.

“கண்மணி, அன்னைக்கு அந்தத் தாள்ல நிரந்தரம்னு போட்டிருக்கலை. பதினஞ்சு வருஷம்னுதான் போட்டிருந்துச்சு. நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். இந்த மாசக் கடைசியோட எடுத்துருவாங்க.”

“தெரியும்ங்க” என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்மணி கையிலிருந்த ஈரத் துணியை அவர் கையில் கொடுத்தாள்.

“இன்னும் பத்து நாள் இருக்கு. தெனமும் வாங்க.”

அந்த மனிதர் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்து, அப்படி அழுதார். பக்கத்து வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி பூவாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கண்மணி அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தொழிற்சாலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாளும் வந்தார். காலையில் வாசல் திறக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார். கல்லைத் துடைப்பார், செடிக்குப் போதும் என்கிற அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றுவார், குந்தி உட்கார்ந்து மெதுவான குரலில் எதையோ பேசிக்கொண்டிருப்பார். கடைசி நாள் நானும் போயிருந்தேன். ஐந்து மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள். மணி அடித்தாகிவிட்டது, தோட்டக்காரர் சாவியோடு பாதையில் நின்றிருந்தார். இவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

“கூப்பிடுடி, பூட்டப் போறாங்க” என்றேன்.

“இரு பாமா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றாள் கண்மணி. “நான் பதினஞ்சு வருஷம் அவளோட இருந்துட்டேன். அவரு இப்பதானே வந்திருக்காரு.”